தட்டும் ஓசைக்குச் செவி கொடுப்போம்



மகிழுந்தில் இதுவரை கேட்டிராத ஓசை ஒன்று எழுந்தால் நம்மில் பலர் முதலில் செய்வது என்ன? வானொலியின் ஒலியைக் கூட்டுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். அதற்கு நான் கொடுத்த விலை ஏறக்குறைய 4,000 ரிங்கிட்டும், என் மகளிடம் கேட்க வேண்டியிருந்த ஒரு மன்னிப்பும் ஆகும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுடையது பதினைந்து ஆண்டுப் பழைய மகிழுந்து. காலையில் முடுக்கியதும் எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து 'டிக் டிக்' என மெல்லிய ஓசை வரத் தொடங்கியது. "ரோன் 97 ஊற்றிப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றார் நண்பர் ஒருவர். இரண்டு மாதங்கள் பச்சைக் குழாயிலேயே எண்ணெய் ஊற்றினேன். பணம் கரைந்தது, ஓசை குறையவில்லை. வானொலி இருக்கக் கவலை எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பள்ளி விடுமுறையில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டோம். வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் ஆண்டில் பயிலும் என் மகள் பின்னிருக்கையிலிருந்து, "அம்மா, கீழே யாரோ தட்டுறாங்க" என்றாள். "பேசாமல் வா. அம்மா மலைப்பாதையில ஓட்டுறேன் தெரியலையா?" என்று அதட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். கால் மணி நேரம் கழித்து எண்ணெய்க் குவளை வடிவிலான சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்த வளைவைத் தாண்டுவதற்குள் எஞ்சின் பேரோசையுடன் நின்றுபோனது. பின்னால் லாரி ஏதும் வராதது இறைவன் செயல் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். பட்டறைக்கார அண்ணன் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். அதன் நுனியில்கூட எண்ணெய் சரியாக ஒட்டவில்லை. பிறகு கேட்டார்: "டீச்சர், சத்தம் எப்படி வந்துச்சு? காலையிலயா, மேடு ஏறும்போதா? லேசாவா, கனமாவா?"

இருபது ஆண்டுகளாக இரட்டைக்கிளவி கற்பித்து வருபவள் நான். எனக்குச் சொல்ல வந்த சொற்கள், "ஒரு மாதிரியான சத்தம், அண்ணே" என்பவை மட்டுமே. பக்கத்தில் நின்ற என் மகள்தான் விடை கூறினாள்: "முதல்ல எல்லாம் காலையில டிக் டிக்குன்னு வரும். இன்னைக்கு மலையில டொக்கு டொக்குன்னு வந்துச்சு. அம்மா எண்ணெய மிதிச்சா வேகமாத் தட்டும்." அண்ணன் சிரித்தார். "பாப்பா சொல்றது போதும் டீச்சர். ராட் பேரிங் போயிருச்சு" என்றார். பிரித்துப் பார்த்தபோது அதுவே உண்மையாயிற்று.

அவர் அன்று எனக்கு நடத்திய பாடத்தை நம் அனைவருக்கும் பயன்படும் வகையில் தொகுத்துத் தருகிறேன். 'தட்டுகிறது' என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஓசையில் பல வகை உண்டு. மூன்றையேனும் நாம் அறிந்திருத்தல் நலம்.

முதலாவது, மேடு ஏறும்போதோ திடீரென்று வேகம் கூட்டும்போதோ, தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைக் குலுக்கினாற்போல் 'கிணுகிணு' எனக் கேட்பது. எஞ்சினுக்குள் தீப்பொறி பற்றியதும் தீ ஓரிடத்தில் தொடங்கி வரிசையாகப் பரவ வேண்டும். ஓய்வு மணி அடித்ததும் மாணவர் வரிசை வரிசையாக வெளியேறுவதைப் போன்றது அது. மாறாக, கடைசி வரிசை மாணவர் முறை வருமுன்னரே ஒரேயடியாகப் பாய்ந்தால் என்னாகும்? அவ்வாறே, தீ சென்று சேருமுன் எஞ்சியிருக்கும் எரிபொருட்கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்து உலோகச் சுவரை அதிரச் செய்கிறது. எஞ்சினுக்குத் தேவையானதைவிடக் குறைந்த ஆக்டேன் எண், உள்ளே படிந்த கரி, மிகுவெப்பம், தீப்பொறி நேரம் தவறுதல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். மிதியை உடனே தளர்த்திக் கீழ்க்கியருக்கு மாற்ற வேண்டும். குளிர்விக்கும் நீரைச் சோதிக்க வேண்டும். ஆனால், எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. வாகனக் கையேடு எந்த ஆக்டேன் எண்ணைக் கூறுகிறதோ அதையே ஊற்ற வேண்டும். ரோன் 95க்கென வடிவமைக்கப்பட்ட, நல்ல நிலையிலுள்ள எஞ்சினுக்கு ரோன் 97 ஊற்றுவதால் குறிப்பிடத்தக்க நன்மை ஏதுமில்லை.

இரண்டாவது, எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து விரைவாகவும் மெலிதாகவும் வரும் 'டிக் டிக்' ஓசை. இது பெரும்பாலும் வால்வு பகுதியிலிருந்து எழுவது. எண்ணெய் குறைந்தாலோ பழையதாகிக் கெட்டாலோ இது கேட்கும். பெட்ரோலை மாற்றி இதனைச் சரிசெய்ய முடியாது. சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து அளவுக்கம்பியைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டு நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை.

மூன்றாவது, எஞ்சினின் அடியிலிருந்து 'டொக்கு டொக்கு' எனக் கனமாக எழுந்து, எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைவது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் ராடின் பேரிங்கில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. அது அறுந்தால் உலோகத்தோடு உலோகம் மோதும். இவ்வோசை கேட்டால், பாதுகாப்பான இடத்தில் உடனே ஒதுங்கி எஞ்சினை அணைத்து, இழுவை வண்டியை அழைப்பதே முறை. "பட்டறை வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம்" என்பது பெருந்தவறு. முறிந்த ராட் எஞ்சின் சுவரையே துளைத்துக்கொண்டு வெளிவரலாம்.

நண்பர் எனக்குச் சொன்ன அறிவுரை முழுப்பொய்யன்று. முதல் வகைக்குச் சில வேளைகளில் அது பொருந்தும். காரணத்தை ஆராயாமல் மருந்து கொடுத்ததுதான் பிழை. நோயையும் அதன் முதற்காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறியதை வகுப்பில் விளக்கும் நானே அதை மறந்தேன்.

இப்பிழையை உலகமே ஒரு முறை செய்திருக்கிறது. 1921 டிசம்பரில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், டெட்ராஎத்தில் ஈயத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் தட்டும் ஓசை அடங்கிவிடும் என்று கண்டறிந்தார். ஆல்கஹால் கலந்தாலும் ஓசை குறையும் என்பது அப்பொழுதே தெரிந்திருந்தது. ஆயினும், ஈயம் கலந்த பெட்ரோலே 1923 முதல் விற்பனைக்கு வந்தது. 'எத்தில்' என்ற விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த ஈயச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். அந்த எச்சரிக்கையும் காதில் விழவில்லை. எஞ்சின்கள் அமைதியாயின, புகையோடு ஈயம் காற்றிலும் மண்ணிலும் கலந்தது. அது பெரிதும் பாதித்தது வளரும் குழந்தைகளின் மூளையைத்தான். குழந்தைகளின் இரத்தத்தில் தீங்கற்ற ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மகிழுந்துகளுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை, கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021 ஜூலையில்தான் நின்றது. ஓர் ஓசையை அடக்க எளிய வழி தேடியதன் விளைவு நூறாண்டு நீடித்தது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின் என் வகுப்பறையும் என் கண்முன் வந்தது. "டீச்சர், விசிறியில ஏதோ சத்தம் கேட்குது" என்று ஒரு மாணவன் சொன்னால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒழுங்காக உட்கார்ந்து பாடத்தைப் பார்" என்கிறோம். பின்னர், அதே மாணவனுக்கு 'கடகட', 'தடதட', 'சலசல' என்ற இரட்டைக்கிளவிகளைக் கரும்பலகையில் எழுதிப் பொருளை மனனம் செய்யச் சொல்கிறோம். யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. மனனம் செய்விக்கும் நம் பழக்கம் அகலவில்லை. ஓசைக்கு இத்தனை சொற்களை வைத்திருக்கும் மொழியைக் கற்பிக்கும் நாமே, பட்டறையில் 'ஒரு மாதிரியான சத்தம்' என்று நிற்பது வெட்கத்திற்குரியதன்றோ?

மொழிப்பாடம் வாழ்க்கைக்கு உதவ வேண்டும் என்பதே என் கருத்து. இப்பொழுதெல்லாம் இரட்டைக்கிளவிப் பாடத்திற்கு முன் மாணவர்களை ஐந்து நிமிடம் கண்மூடிக் கேட்கச் சொல்கிறேன். என்ன ஓசை, எங்கிருந்து, எப்பொழுது கூடுகிறது, எப்பொழுது குறைகிறது என்று எழுதச் சொல்கிறேன். பிறகுதான் பாடநூலைத் திறக்கிறோம். குறைவாகப் பேசும் மாணவர்கள்தாம் மிக நுட்பமாக எழுதுகிறார்கள் என்பதைக் கண்டு வியந்தேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நெடும்பயணத்திற்கு முன் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு எண்ணெயையும் நீரையும் சோதியுங்கள். ஓசை கேட்டால் கைப்பேசியில் பதிவு செய்து பட்டறைக்காரரிடம் காட்டுங்கள். ஓட்டுபவர் பதிவு செய்ய வேண்டாம், உடன் வருபவர் செய்யட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை ஒன்றைக் கவனித்துச் சொன்னால், "பேசாமல் இரு" என்னும் முன் "எப்படிக் கேட்டது?" என்று ஒரு முறை வினவுங்கள்.

என் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா. ஆனா நான் சொன்னேன்ல?" என்றாள். ஆம், சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. இனியேனும் கேட்போம்.