ஒரு கணினி, இரு சாட்சிகள்



ஒரே மடிக்கணினியில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரு இயங்குதளங்களும் இருப்பது நம் மாணவர்களுக்குப் புதிதன்று. 2011ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றபின், பழைய கணினியைக் கழித்துவிட மனமின்றி, உபுண்டு போன்றதொரு லினக்ஸையும் அதில் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

இத்தகைய கணினிகளில் அடிக்கடி நேரும் இடர் ஒன்றுண்டு. விண்டோஸில் நன்றாக இயங்கிய வைஃபை, லினக்ஸில் காணாமற் போய்விடும். சிலவேளை கேமராவோ புளூடூத்தோ இவ்வாறு மறையும். 'கார்டு போய்விட்டது' என்று முடிவுகட்டிப் பிள்ளைகள் வாப்பாவிடம் பணம் கேட்பார்கள்; அவரும் வீட்டுச் செலவைச் சுருக்கிக் கொடுப்பார். அதற்கு முன் ஒரு கணம் பொறுங்கள்!

உங்கள் கணினியில் இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒரு பாகம் ஓர் இயங்குதளத்தில் ஒழுங்காக இயங்கி, மற்றொன்றில் மட்டும் இயங்கவில்லையெனில், அந்தப் பாகம் பெரும்பாலும் பழுதடையவில்லை என்றே கொள்ளலாம். குறை அதை இயக்கும் மென்பொருளில் இருக்கும். இரண்டிலும் தென்படாதபோதுதான் பாகத்தின்மீது ஐயம் கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, விண்டோஸை நீங்கள் எவ்வாறு மூடினீர்கள் என்பதை. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்றொரு வசதி உள்ளது. அது இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. பாதி உறக்கத்திலேயே இருக்கும். அடுத்து லினக்ஸைத் திறக்கும்போது சில வைஃபை கார்டுகள் விழித்தெழாமல் கிடக்கும். எனவே விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குச் செல்லும்போது 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குச் சென்று அவ்வசதியை நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. பின்னர் கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

பயன் இல்லையேல், லினக்ஸின் டெர்மினலில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் ஆணையை, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடைவெளியின்றி இடுங்கள். உள்ளே பொருத்தப்பட்ட கார்டுகளின் பட்டியல் வரும். கேமரா, புளூடூத் போன்றவற்றுக்கு எல்.எஸ்.யு.எஸ்.பி. ஆணை உதவும். பட்டியலில் பெயர் இருந்தும் இயங்கவில்லையெனில், தேவைப்படுவது டிரைவரே. கைப்பேசியை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து, உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் தேடலாம்.

'செக்யூர் பூட்' இயங்கும் கணினியில் இன்னொரு படி உண்டு. புதிய டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை அமைக்கும்படி கேட்கப்படலாம். மறுமுறை இயக்குகையில் தோன்றும் நீலத்திரையில் 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் அதைத் தாண்டிச் சென்றால், டிரைவர் இருந்தும் இயங்காது.

லினக்ஸ் நிறுவும்போது எஸ்.எஸ்.டி.யே தென்படாத நிலையும் உண்டு. பயாஸில் இன்டெல் ஆர்.எஸ்.டி. முறை தேர்வாகியிருப்பது அதற்கு ஒரு காரணம். எவரோ சொன்னார் என்று அதனை உடனே மாற்றிவிடாதீர்கள். முன்னேற்பாடின்றி மாற்றினால் விண்டோஸ் திறக்க மறுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருப்பின், 48 இலக்க மீட்பு எண்ணையும் கேட்கும். செக்யூர் பூட்டை மாற்றினாலும் இவ்வாறு கேட்கக்கூடும். அவ்வெண் கையில் இல்லையேல், பிள்ளையின் பாடக் குறிப்புகளும் குடும்பப் படங்களும் பூட்டுக்குள்ளேயே போய்விடும். ஆகவே எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கோப்புகளை வேறோரிடத்தில் நகலெடுங்கள். அதன்பின்னரே பயாஸில் கை வையுங்கள்.

கடைக்குப் போவது தவறன்று. 'இது விண்டோஸில் இயங்குகிறது, லினக்ஸில் இயங்கவில்லை' என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வீண் செலவைத் தடுத்துவிடக் கூடும்.