எய்தவன் இருக்க அம்பை நோவதேன்? தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலரும் நம் வசதியான கோபமும்

லோதி ரோட்டில், மத்திய அரசு அலுவலக வளாகத்தின் ஆறாம் எண் கட்டடத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என்று பெயர். நூலகத்துக்குச் செல்லும் வழியில் வாரத்தில் நான்கு நாளேனும் அதைக் கடந்து போகிறேன். 2004-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவால் அதிகாரம் பெற்ற செர்ட்-இன் அமைப்பு அங்கேதான் இயங்குகிறது. நாட்டின் எந்த மூலையில் கணினி வலையமைப்பு ஊடுருவப்பட்டாலும், அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அங்கே தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று வெளியான ஆணை. தவறினால் ஓராண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

அந்த ஆறு மணி நேரம் நிறுவனத்துக்குள் யார் தலையில் விடிகிறது? தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர், சுருக்கமாக சிஐஎஸ்ஓ என்று அழைக்கப்படுபவரின் தலையில்.

சென்ற வாரம் கேட்ட ஒரு கருத்தரங்க உரையே இப்பதிவுக்குக் காரணம். "மக்களின் தரவு கசிந்தால் அந்நிறுவனத்தின் சிஐஎஸ்ஓவைச் சிறைக்கு அனுப்புங்கள், மறுநாளே எல்லாம் சரியாகிவிடும்" என்றார் பேச்சாளர். அரங்கம் கைதட்டியது. நான் தட்டவில்லை. பொறுப்பேற்பைக் கோரும் அந்தச் சினம் நியாயமானது. அது பாயும் திசை பிழையானது. அதிகாரம் ஒருவரிடமும் பழி வேறொருவரிடமும் இருக்கும்படி அமைக்கப்பட்ட ஒரு பதவியைத் தண்டிப்பதால் பாதுகாப்பு வளராது. அதிகாரம் உடையவர் மேலும் மறைவாக நின்றுகொள்வார். இதுவே என் வாதம்.

பதவியின் பிறப்பிலிருந்தே தொடங்குவோம். 1994-இல் விளாடிமிர் லெவின் என்ற ரஷ்யரும் கூட்டாளிகளும் சிட்டி வங்கி வாடிக்கையாளர் கணக்குகளிலிருந்து ஒரு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை வேறு கணக்குகளுக்கு மாற்ற முயன்றார்கள். நான்கு லட்சம் டாலர் அளவுக்கான தொகை தவிர ஏனையவை மீட்கப்பட்டன. அதன்பின் 1995-இல் அவ்வங்கி ஸ்டீவ் காட்ஸ் என்பவரைப் பணியமர்த்தியது. உலகின் முதல் சிஐஎஸ்ஓ அவரே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அதாவது இப்பதவி இழப்புக்குப் பிறகு, கலங்கிய வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லவேண்டிய நெருக்கடியில் உருவானது. அந்தப் பிறவிக்குறி இன்றளவும் மறையவில்லை. களவு நடக்கும்வரை சிஐஎஸ்ஓ செலவினம், நடந்தபின் குற்றவாளி.

லோதி ரோட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள எய்ம்ஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர் 23 அன்று அதன் கணினிகள் முடக்கப்பட்டன. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. நாட்டின் முதன்மையான மருத்துவமனை பல நாள் காகிதத்திலும் பேனாவிலும் இயங்கியது. வலையமைப்பை உரிய முறையில் பகுதிபகுதியாகப் பிரித்து வைக்காததே ஊடுருவலுக்கு வழிவிட்டது என்று நாடாளுமன்றத்தில் அரசே விடையளித்தது. இந்த விடையை ஊன்றிப் படியுங்கள். வலையமைப்பைப் பிரித்துக் கட்டுவது ஓர் ஊழியர் ஒருநாள் மறந்துபோகும் வேலை அன்று. அதற்கு நிதி வேண்டும், திட்டம் வேண்டும், பல துறைத் தலைவர்களின் இசைவு வேண்டும். அந்த முடிவுகள் எடுக்கப்படும் தளம் மிக உயர்ந்தது. ஆனால் சம்பவத்தை ஒட்டிப் பணியிடைநீக்கம் செய்யப்பட்டதாகச் செய்தி வந்தது யாரை? இரண்டு கணினிப் பகுப்பாய்வாளர்களை. எய்தவன் இருக்க அம்பை நோவது என்பது இதுதான்.

அடுத்து நம் கூடங்குளம். அணுமின் நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்ததாக 2019 அக்டோபர் இறுதியில் சமூக ஊடகங்களில் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் வந்த அறிக்கை, பொய்த் தகவல் பரப்பப்படுகிறது என்றது. கட்டுப்பாட்டு அமைப்பின்மீது இணையத் தாக்குதல் நடத்தவே இயலாது என்றும் சொன்னது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட கணினி நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்தது என்றும், உலையை இயக்கும் உள்வலையமைப்பு தனியானது என்றும் விளக்கியது. அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. என் கவனம் வேறொரு தேதியில் நிற்கிறது: செர்ட்-இன் இதைக் கண்டு தெரிவித்த நாள் செப்டம்பர் 4 என்று அதே அறிக்கை கூறுகிறது. லோதி ரோட்டுக்குத் தெரிந்த செய்தி இடிந்தகரைக்குத் தெரிய 56 நாள் ஆயிற்று. இடைப்பட்ட நாள்களில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் என்ன எழுதினார், யாருக்கு எழுதினார், என்ன பதில் பெற்றார்? அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அக்டோபர் 29 அறிக்கை எழுதப்பட்டதா, கேளாமலா? பொதுவெளியில் விடை இல்லை. மக்கள் முன் பேசும் குரல் விளம்பரப் பிரிவின் குரலாகவே இருக்கிறது; உண்மை அறிந்தவரின் குரல் கோப்புக்குள் அடங்கிவிடுகிறது.

சட்டம் இப்பதவியை எங்கே வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 203-ஆம் பிரிவில் கட்டாயமாக நியமிக்க வேண்டிய முதன்மை நிர்வாகப் பணியாளர்களைக் குறிப்பிடுகிறது. மேலாண் இயக்குநர் உண்டு, கம்பெனிச் செயலர் உண்டு, தலைமை நிதி அலுவலர் உண்டு, சிஐஎஸ்ஓ இல்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய காப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்படும் நிறுவனங்களில் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும், அவர் இயக்குநர் குழுவுக்குப் பொறுப்பானவராக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. குறைகளைக் கேட்டுப் பதில் சொல்பவருக்கு இயக்குநர் குழுவின் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. கோட்டைச் சுவரைக் காப்பவருக்கு அச்சட்டத்தில் பெயரே இல்லை.

விதிவிலக்கு ஒன்றுண்டு, அதைச் சொல்லாவிட்டால் என் வாதம் நேர்மையற்றதாகும். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, ஏறத்தாழ இருபது லட்சம் டாலர் மதிப்புள்ள மூன்று மோசடிப் பணமாற்றங்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் புணேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 94 கோடி ரூபாய் இழந்தது. வங்கித் துறையில் ஆபத்து கண்கூடானது. ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7 அன்று வெளியிட்ட முதன்மை நெறிமுறை, சிஐஎஸ்ஓ தகவல் தொழில்நுட்பப் பிரிவின் தலைவருக்குக் கீழே நேரடியாகப் பணியாற்றக் கூடாது, அவருக்கு வணிக இலக்குகள் தரக் கூடாது என்று திட்டமாக விதித்தது. காரணம் எளிது. சர்வரை விரைந்து நிறுவிப் பாராட்டுப் பெற வேண்டியவரும், 'இது பாதுகாப்பற்றது, நிறுத்துங்கள்' என்று சொல்ல வேண்டியவரும் மேலாளர் கீழாளராக இருந்தால், கீழாளரின் வாய் அடைபடும். வங்கிக்குப் பொருந்தும் இந்த எளிய நீதி மருத்துவமனைக்கும் தேர்வு நடத்தும் அமைப்புக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏன் பொருந்தாது? பணம் மட்டும்தான் காக்கத் தக்கதா? நோயாளியின் குருதிப் பரிசோதனை முடிவு காக்கத் தக்கது அன்றா?

'சிஐஎஸ்ஓக்கள் என்ன புனிதர்களா, அவர்களே மூடி மறைக்கிறார்களே' என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஊபர் நிறுவனத்தில் 2016-இல் 5 கோடியே 70 லட்சம் பேரின் தரவு களவுபோனது. தலைமைப் பாதுகாப்பு அலுவலர் ஜோ சல்லிவன், ஊடுருவியோருக்கு ஒரு லட்சம் டாலர் தரப்பட்டதையும் உண்மை மறைக்கப்பட்டதையும் ஒட்டி 2022 அக்டோபரில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்றார். அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தமில்லை. பொய் சொன்னவர் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் எச்சரித்தவரையும் மறைத்தவரையும் ஒரே தட்டில் வைப்பது வேறு செயல். மறைத்தவருக்குத் தண்டனை இருக்கிறது. எச்சரித்தவருக்குக் காப்பு எங்கே?

என் நண்பர் ஒருவரின் கதை எனக்கு இக்கேள்வியை ஓயாமல் நினைவூட்டுகிறது. அவர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டா. காலாவதியான மென்பொருளில் ஓடிய ஒரு சர்வரை மாற்றக் கோரி ஒன்றரை ஆண்டில் மூன்று முறை எழுதினார். 'அடுத்த காலாண்டில் பார்க்கலாம்' என்பதே மூன்று முறையும் பதில். நான்காவது காலாண்டில் அதே சர்வர் வழியாக ஊடுருவல் நடந்தது. அவர் 'சொந்தக் காரணங்களால்' விலகினார் என்று அறிவிக்கப்பட்டது. கையெழுத்திட்டிருந்த இரகசிய ஒப்பந்தம் அவர் வாயைப் பூட்டியது. 'அடுத்த காலாண்டு' என்று எழுதியவர் அதே நாற்காலியில் இருக்கிறார். கருத்தரங்கப் பேச்சாளரின் யோசனைப்படி சிறைக்குப் போக வேண்டியவர் என் நண்பர்.

ஆகவே நம் கோரிக்கை தண்டனையோடு நிற்கக் கூடாது. மூன்று மாற்றங்கள் தேவை. மூன்றுக்கும் நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு.

முதலாவது, பதவிக்காலம். வங்கிகளின் தலைமை இடர் அலுவலரை நிலையான காலத்துக்கு நியமிக்க வேண்டும், இடையில் நீக்க இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும், நீக்கினால் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஏப்ரலிலேயே விதித்தது. பொதுமக்களின் தரவைப் பெருமளவில் வைத்திருக்கும் எல்லா நிறுவனங்களின் சிஐஎஸ்ஓவுக்கும் அதை விரியுங்கள்.

இரண்டாவது, விலகலுக்கான காரணம். கணக்குத் தணிக்கையாளர் இடையில் விலகினால், முப்பது நாளுக்குள் காரணத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம். சிஐஎஸ்ஓவுக்கும் அதே கடமையை விதித்தால், 'சொந்தக் காரணங்கள்' என்ற திரை கிழியும்.

மூன்றாவது, பதிவு. 'இது வணிகத்தை முடக்கும். பாதுகாப்பு அலுவலர் எல்லாவற்றுக்கும் தடை போடுவார்' என்று நிர்வாகங்கள் சொல்லும். தடையதிகாரத்தை நான் கேட்கவில்லை. அவர் எழுத்தில் தரும் எச்சரிக்கையை நிர்வாகம் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் மறுத்தவர் பெயரும் காரணமும் இயக்குநர் குழுவின் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அவ்வளவே. இடித்துரைப்பவரின் சொல்லைக் கேளாமல் இருக்க மன்னனுக்கு உரிமை உண்டு; கேட்கவே இல்லை என்று பின்னர் சாதிக்க உரிமை இல்லை.

இறுதியாக, ஆய்வு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். 2023 நவம்பரில் செர்ட்-இன் அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவல் தவிர வேறெதையும் அதனிடம் இனி உரிமையாகக் கேட்க இயலாது. நாட்டின் ஊடுருவல் அறிக்கைகள் ஆறு மணி நேரத்தில் லோதி ரோட்டுக்குள் போகின்றன. வெளியே வர அவற்றுக்குக் காலக்கெடுவே இல்லை. தாக்குதல் தொடர்பான நுட்ப விவரங்கள் மறைவாக இருக்கக் காரணம் இருக்கலாம். எத்தனை நிறுவனங்களில் முன்னெச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை மறைக்க என்ன காரணம் இருக்க முடியும்? அந்தத் தரவு இல்லாமல் எவரும் இத்துறையில் ஆய்வேடு எழுத முடியாது. கைதட்டல் வாங்கும் உரைகளை மட்டுமே நிகழ்த்த முடியும்.

அடுத்த முறை ஒரு கசிவுச் செய்தி வரும்போது 'சிஐஎஸ்ஓ யார்?' என்று கேட்காதீர்கள். 'அவர் எழுதிய கடிதத்துக்கு யார் என்ன பதில் எழுதினார்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு ஒரு பெயரைத் தந்து நிறுவனம் தப்பிவிடும். இரண்டாம் கேள்விக்குக் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

மாற்றுக்கருத்து உடையோர் தரவோடு எழுதுக. திருத்திக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறேன்.