இடிப்பதற்கு எண் இருக்கிறது, பதிவதற்கு ஏன் இல்லை?

பதிவு அலுவலகத்தின் மேலதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அய்யா,

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால், இரும்பு ஏணி ஏறிப் போகும் ஒரு மாலாவில், அதாவது மேல்தளத்தில், தோல் பட்டறை நடத்தும் அண்ணாச்சிக்கு நான் கணக்கு எழுதுகிறேன். பட்டறைக்குப் பதிவு கேட்டு அவர் சார்பில் உங்களுக்கு மூன்று மனு அனுப்பினேன். மூன்றுக்கும் ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. இரண்டு முறை நேரிலும் வந்து வாசலோடு திரும்பினோம். அதனால் இப்போது ஊரறியக் கேட்கிறேன்.

விதிகளை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சியின் தாத்தா நெல்லைச் சீமையிலிருந்து வந்து இங்கே தோல் பதனிட்டவர். பதனிடும் தொழில் தாராவியை விட்டுப் போனது. தைக்கும் தொழில் எங்களோடு தங்கியது. சென்னைப் பெரியமேட்டிலிருந்து தோல் வரும். ஆறு பேர் உட்கார்ந்து வெட்டி, ஓரம் சீவி, பசை தடவித் தைப்பார்கள். பை வேறொரு சேட்டின் பெயரில் கப்பலேறும். லண்டன் வியாபாரி ஒருவருக்கான சரக்கும் ஹாலந்துக்காரர் சரக்கோடு சேர்ந்து ராட்டர்டாமில் இறங்கி, அங்கிருந்து லாரியில் போய்விடும். அப்போது ஒரே சுங்கம், ஒரே காகிதம்.

2016 ஜூன் 23 அன்று பிரிட்டனில் வாக்களித்தவர்களில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வேண்டும் என்றார்கள். பட்டறையில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2021 ஜனவரி பிறந்ததும் பிரெக்ஸிட் எங்கள் ஏணியிலும் ஏறி வந்துவிட்டது. ராட்டர்டாமில் சுங்கம் முடித்த பை பிரிட்டன் கரையில் மறுபடி சுங்கத்துக்கு நிற்க வேண்டும் என்றார்கள். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட தீர்வைச் சலுகை ஐரோப்பாவில் செய்த பொருளுக்குத்தான், இந்தியப் பைக்கு இல்லை. தோல் பைக்கு அப்போது அங்கே தீர்வை பெரிதாக இல்லை. செருப்புக்கும் ஷூவுக்கும்தான் 16 சதவீதம் வரை இருந்தது. எங்களை வீழ்த்தியது தீர்வை அல்ல, ஒரே பெட்டி இரண்டு சுங்க வாசலில் காத்துக் கிடந்ததுதான். லண்டன்காரர் ஆர்டரை நிறுத்தினார். ஆறு பேரில் மூன்று பேர் ஊருக்குப் போனார்கள்.

அதே பிரெக்ஸிட்தான் பிரிட்டன் தனியாக வணிக ஒப்பந்தம் போடவும் வழி திறந்தது. இந்தியாவோடு 2022 ஜனவரியில் தொடங்கிய பேச்சு ஒப்பந்தமாகி, 2025 ஜூலை 24 அன்று இங்கிலாந்தில் கையெழுத்தானது. தோல் தொழிலாளிக்கு விடிவு வந்தது என்று நம் அரசே சொன்னது. நாங்கள் நம்பினோம். பழைய லண்டன்காரரும் கூப்பிட்டார். "நடுவில் யாரும் வேண்டாம், உங்கள் பெயரிலேயே நேராக அனுப்புங்கள்" என்றார்.

அவர் கேட்டது ஒரே ஒரு சான்று. தோலில் குரோமியம்-6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது. 2015 மே மாதம் ஐரோப்பா நடைமுறைக்குக் கொண்டுவந்த அந்தக் கட்டுப்பாட்டைப் பிரிட்டன் பிரிந்த பிறகும் கைவிடவில்லை. அண்ணாச்சி தோலைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். பத்து பைக்கும் ஆயிரம் பைக்கும் சோதனைக் கட்டணம் ஒன்றுதான். மகள் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினார். தோல் தேறியது.

சொந்தப் பெயரில் அனுப்பப் பட்டறைக்குப் பதிவு வேண்டும் என்பதால், பிறகு உங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். உங்கள் ஆய்வாளர் ஏணியடிவரை வந்தார். மேலே ஏறவில்லை. மின்கட்டண ரசீது கீழ்வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, இந்த முகவரியில் தொழிலிடம் இருப்பது உறுதிப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். தலைக்கு மேலே மூன்று தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது அய்யா. அந்தச் சத்தம் அவர் காதில் விழாமல் இருந்திருக்காது.

அதற்கு முன்பே, 2024 மார்ச்சில், தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியிருந்தது. அந்த ஆட்கள் இதே ஏணியில் ஏறினார்கள். இதே மாலாவை அளந்தார்கள், படமெடுத்தார்கள், கதவில் எண் எழுதினார்கள். அந்த எண்ணின் படத்தை இரண்டாவது மனுவோடு இணைத்திருக்கிறேன். மூன்றாவது மனுவிலும் இணைத்தேன். ஓர் இடத்தை இடிக்கக் கணக்கெடுக்கும்போது அது இருக்கிறது. அங்கே உழைப்பவன் பதிவு கேட்கும்போது அது இல்லை. இரண்டும் எப்படி உண்மையாகும்? இதற்கு ஒரு வரி பதில் எழுத உங்களுக்கு இத்தனை மாதம் வேண்டுமா?

லண்டன் கேட்ட சான்று எங்களிடம் இருக்கிறது. நாலாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அந்நியர் எங்கள் தோலை நம்புகிறார். எங்களிடமிருந்து எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எங்கள் கதவை நம்ப மறுக்கிறீர்கள். ஒப்பந்தத்தின் பலன் கடைசியில் பழைய சேட்டுக்கே போகும். அண்ணாச்சி மறுபடி கூலிக்குத் தைப்பார். இது விதியின் குற்றம் இல்லை, உங்கள் குற்றம்.

எங்களுக்குச் சலுகை வேண்டாம். பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். ஏணிக்குப் பதினொரு படி. நீங்களே ஏறிப் பாருங்கள். பார்த்த பிறகும் இடம் இல்லை என்றுதான் தோன்றினால், அதை உங்கள் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். லண்டன்காரர் டிசம்பர் முடியும்வரைதான் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தாராவி தோல் பட்டறைக் கணக்கர் ஒருவர்