காசும் க்யூபிட்டும் ஒன்றா? குவான்டம் உலகின் வரவு செலவுக் கணக்கு!

காசைச் சுண்டி உள்ளங்கையில் மூடிவிட்டால், பூவா தலையா? பாதிக்குப் பாதி வாய்ப்பு. குவான்டம் கம்ப்யூட்டரின் ‘க்யூபிட்’டையும் இதேபோல வைக்கலாம், அளந்தால் 0 அல்லது 1 வரும். அப்படியென்றால் கோடிகளைக் கொட்டி க்யூபிட் எதற்கு, காசே போதாதா?

போதாது. அளப்பதற்கு முன், ‘ஹடமார்டு’ என்ற சிறு செயலை க்யூபிட் மீது செய்தால் குட்டு உடைந்துவிடும். வெறும் காசு போன்ற நிலை அப்போதும் பாதிக்குப் பாதிதான். சரியாகத் தயார்செய்த க்யூபிட்டோ ஒவ்வொரு முறையும் 0 என்றே விடை தரும். அதற்குள் இருக்கும் இரண்டு வாய்ப்புகளும் அலைகளைப்போல ஒன்றையொன்று கூட்டவும் அழிக்கவும் செய்வதுதான் காரணம். இந்த உறவுக்குப் பெயர் ‘கோஹெரன்ஸ்’, தமிழில் ஒத்திசைவு.

சித்திரை வெயிலில் வைத்த ஐஸ் கட்டிபோல அது கரைந்துவிடும் என்பதுதான் தலைவலி. வெப்பமோ இரைச்சலோ தொட்டால், க்யூபிட் மெல்ல மெல்லக் காசாகிவிடும். ஆகவே, கையிருப்பு எவ்வளவு என்று கணக்கு வைத்தாக வேண்டும்.

2014-ல் ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாம்கிராட்ஸ், கிராமர், பிளெனியோ மூவரும் அதற்கு விதி எழுதினார்கள். ஒத்திசைவைப் புதிதாக உண்டாக்க முடியாத செயல்கள் எல்லாம் ‘இலவசம்’. இலவசச் செயலால் கையிருப்பு கூடியதாகக் காட்டும் அளவுகோல் செல்லாது.

செல்லுபடியாகும் ஓர் அளவுகோலுக்கு ப்ளஸ் டூ அணிகள் போதும். க்யூபிட்டை 2×2 கட்டமாக எழுதினால், முதன்மை மூலைவிட்டத்தில் இருப்பவை 0, 1 வருவதற்கான வாய்ப்புகள். காசுக்கும் ½, ½. க்யூபிட்டுக்கும் ½, ½. வித்தியாசமெல்லாம் மீதி இரண்டு கட்டங்களில்தான். காசுக்கு அங்கே 0, 0. க்யூபிட்டுக்கு ½, ½. அவற்றின் அளவைக் கூட்டினால் காசுக்கு 0, க்யூபிட்டுக்கு 1. கரைந்துகொண்டிருக்கும் க்யூபிட் நடுவில் எங்கோ நிற்கும்.

என்ட்ரோபி வழியாக இன்னோர் அளவுகோலும் உண்டு. அரைகுறையாகக் கரைந்த க்யூபிட்கள் ஏராளமாக இருந்தால், அவற்றிலிருந்து எந்த விகிதத்தில் முழுத்தர க்யூபிட்களை வடித்தெடுக்கலாம் என்பதை அது சொல்லிவிடும் என 2016-ல் ஆண்ட்ரியாஸ் வின்டரும் டாங் யாங்கும் காட்டினார்கள்.

ஆனால், எதை இலவசம் என்பது? இங்கேதான் சண்டை. காகிதத்தில் இலவசமாகத் தெரியும் சில செயல்களை ஆய்வகத்தில் செய்யவே ஒத்திசைவு செலவாகுமே என்று அதே ஆண்டு எரிக் சிட்டாம்பரும் கிலாட் கூரும் கேட்டார்கள். அவற்றை நீக்கிப் புதுப் பட்டியலும் போட்டார்கள். பட்டியல் சுருங்கியதும், அதை வைத்துச் செய்ய முடிந்த வேலையும் வெகுவாகச் சுருங்கிவிட்டது!