சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள்
திருவனந்தபுரம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



கரமனையிலும் சாலையிலும் கோட்டைக்குள்ளும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தார், இந்நகரக் கல்லூரிகளின் ஆசிரியர்கள், மாணவர்கள் என நாங்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். நன்கொடை கேட்கவில்லை. உங்கள் கிணற்றடிக்கும் குப்பைத் தொட்டிக்கும் வர அனுமதியும், உங்கள் நினைவில் உள்ளதைச் சொல்லக் கொஞ்சம் நேரமும் கேட்கிறோம்.

படிப்புக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. 1937இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. வெள்ளாயணி ஏரிக்கரையில் 1955 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. இருந்தும் நம் தெருவுக்கு மாணவர்கள் வருவது பெரும்பாலும் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்றுதான். கையுறை போட்டுக்கொண்டு தோட்டுக்கரையில், அதாவது ஓடைக்கரையில், கிடக்கும் பிளாஸ்டிக்கைச் சாக்கில் அள்ளுகிறார்கள், பதாகை பிடித்துப் படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அடுத்த மழைக்குத் தோடு பழையபடி ஆகிவிடுகிறது. பிள்ளைகளை நொந்து பயனில்லை. ஒரே ஒரு நாள் வந்தவருக்கு அந்தக் குப்பை எந்தச் சந்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? நாமும் மோர் கொடுத்து அனுப்பிவைத்தோமே தவிர, உட்காரவைத்துச் சொன்னோமா?

சொல்லாததன் விலை சிறியதல்ல. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளி ஒருவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அவர் அள்ள இறங்கியது நாம் போட்ட குப்பை. அதற்கும் முன்பு, நகரத்துக் கழிவையெல்லாம் தங்கள் தலையில் கொட்டியது போதும் என்று விளப்பில்சாலை மக்கள் 2011 டிசம்பரில் தங்கள் ஊரிலிருந்த கழிவு ஆலையை மூடவைத்தார்கள். நம் குப்பையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் அன்றிலிருந்து வந்தது.

அதற்குக் கைகொடுத்த வழிகளில் ஒன்று ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பிறந்தது. காற்றுப் புக இடைவெளி விட்ட தொட்டியில் பசுஞ்சாணம், சருகு, சமையல் கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டால் ஏறக்குறைய 90 நாளில் உரமாகிவிடும். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தும்பூர்முழியில் உருவாக்கிய முறை இது. இன்று பல ஊர்களில் அந்தத் தொட்டிகளைக் காணலாம். ஆனால் ஒரு தெருவின் தொட்டி மட்டும் ஏன் நாறுகிறது, அங்கே சருகு கிடைக்கவில்லையா, மீன் கழிவு அதிகமா என்பதை அதைப் பராமரிக்கும் பெண்ணிடம்தான் கேட்க வேண்டும். மாணவர் படிக்க வேண்டிய பாடம் அவரிடம் இருக்கிறது.

இப்படிப் படிப்பது கேரளத்துக்குப் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஆக்குளம் புவி அறிவியல் ஆய்வு மையமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் பஞ்சாயத்து வளங்களை வரைபடமாக்கும் வேலையில் இறங்கின. கண்ணூர் மாவட்டக் கல்லியாசேரி போன்ற ஊர்களில் அறிவியலாளரோடு ஊர்க்காரர்களும் நிலம் நிலமாக நடந்து மண்ணையும் நீரையும் குறித்தார்கள். 1996இல், உள்ளூரிலேயே திட்டமிடும் மக்கள் திட்டம் வந்தபோது அந்த அனுபவம் கைகொடுத்தது.

இப்போது வசதியும் கூடியிருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். 2024இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப்படிப்பில் களப்பயிற்சிக்கும் மதிப்பெண் உண்டு. சனிக்கிழமைதோறும் இரண்டரை மணி நேரம் ஒரே தெருவுக்கு வந்தால், அந்த 240 மணி நேரம் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுக்கு வரும். ஒரு தெருவை அறிய அது போதும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை:

1. மீன மாத வெயிலில் ஒரு முறையும், இடவப்பாதி மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் உங்கள் கிணற்றிலிருந்து ஒரு புட்டி தண்ணீர் எடுக்க விடுங்கள். முடிவு முதலில் உங்கள் கைக்கு வர வேண்டும். உங்கள் பெயர் வெளியே போகக் கூடாது.

2. ஒரு வாரக் குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்துவைத்து, எடைபோட விடுங்கள். கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களோடு மாணவர்கள் வீடு வீடாக வந்தால் இருவரையும் ஒரேபோல் மதித்து நடத்துங்கள்.

3. பெரியவர்கள் பேசுங்கள். புத்தரிக்கண்டம் மைதானம் வயலாக இருந்தது என்பதை அதன் பெயரே சொல்கிறது. பெயரும் மிஞ்சாத குளங்களும் வாய்க்கால்களும் எங்கே இருந்தன என்று உங்களுக்குத்தான் தெரியும்.

4. ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன்கள் மாதம் ஒரு மாலை இடம் கொடுங்கள். கண்டறிந்ததை மாணவர்கள் அங்கே மலையாளத்திலும் தமிழிலும் சொல்லட்டும். புரியாததைக் கேளுங்கள், தவறானதை மறுத்துச் சொல்லுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு புதுத் தெரு வேண்டாம். எடுத்த தெருவை விடாதீர்கள். மூத்த மாணவரின் நோட்டு அடுத்து வருபவருக்குப் போகட்டும், அதன் நகல் தெருவிலும் வார்டு கவுன்சிலரிடமும் இருக்கட்டும். மக்களிடம் வாங்கிய விவரம் மதிப்பெண் பட்டியலோடு முடிந்துபோனால், அடுத்த முறை கதவு திறக்காது. திறக்காதது நியாயமும்தான்.

முதல் வேலையை இன்றே செய்யலாம். 2023 அக்டோபர் 15 மழையில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? கறை இன்னும் தெரிந்தால் அதன்மேலும், வெள்ளையடித்து மறைந்திருந்தால் நினைவில் உள்ள உயரத்திலும், சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதிவையுங்கள். ஒரு தெருவின் கோடுகளையெல்லாம் அளந்து சேர்த்தால், தண்ணீர் எங்கே தடைபட்டது என்பது தெரியவரும். அளக்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கரமனை, சாலை, கோட்டைப் பகுதிக் குடும்பத்தார், ஆசிரியர்கள், மாணவர்கள்