மீறினார் — எதற்காக?

குற்றவாளிகள் கொலுவிருக்கலாமா? சட்டத்தை மீறியவர் கையிலே சட்டமியற்றும் உரிமையைத் தரலாமா? நாட்டிலே நல்லவர் பலர் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் விடை சொல்லுமுன், சட்டத்தை மீறியவர் எதற்காக மீறினார் என்பதை ஆராய்ந்தாக வேண்டும் என்கிறோம் நாம். இல்லையேல், களையெடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கிய கதையாகிவிடும்!

தேங்காய்ப்பட்டணத்துத் தோழர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துப் புதுக்கடை போதும். 1954 ஆகஸ்ட் 11! தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கேட்ட மக்கள் மீது, புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கியைத் திருப்பிற்று அன்றைய திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சி. அதற்கு முந்திய மாதம், தேவிகுளத்திலே தடையுத்தரவை மீறிக் கைதானவர் மார்ஷல் நேசமணி. சட்டப் புத்தகத்தின் கண்ணுக்கு அவர் மீறியவர். மக்கள் கண்ணுக்கோ தலைவர். 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. 1962லும் 1967லும் நாகர்கோயில் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அவர் இருந்த முகாம் வேறு. அதனாலே உண்மை வேறாகிவிடுமா?

1953இல் கல்லக்குடிப் போராட்டத்திலே கலைஞர் சிறை சென்றார். 1963இல், இந்தியை ஆட்சிமொழியாக்கும் அரசியல் சட்டப் பகுதியைக் கொளுத்தப் புறப்பட்டுக் கைதான அண்ணா, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 1967இல் அதே அண்ணா முதலமைச்சர்! சிறை சென்றவருக்குச் சிம்மாசனமா என்று தமிழகம் முகஞ்சுளித்ததா? இல்லை. ஏன்? அவர் பகலிலே, பலரறிய மீறினார், பிறருக்காக மீறினார், மீறியதற்கான தண்டனையைத் தலைநிமிர்ந்து ஏற்றார். பணப்பெட்டி நிரம்பவில்லை, பட்டா மாறவில்லை, பயந்து ஓடவுமில்லை.

இன்னொரு வகை உண்டு. பதவி எனும் ஏணியிலே ஏறி, பொதுச் சொத்தைப் பறித்துக்கொண்டு, பிடிபட்டதும் 'மக்கள் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு' என்று மார்தட்டும் வகை. இவருக்கும் அவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! தண்டனை பெற்ற இவருக்குப் பதவி கூடாது என்பதிலே நமக்கு ஐயமில்லை.

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்கிறது. விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுகள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதிலே ஓர் ஓட்டையையும் வைத்திருந்தார்கள்: ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்துவிட்டால், அது முடியும் வரை பதவியிலே நீடிக்கலாம். சாமானியனுக்கு ஒரு நீதி, சட்டமன்றத்தில் இருப்பவனுக்கு வேறொரு நீதி! 2013 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்தது.

அதற்கு முன்பே தமிழகம் ஒரு பாடம் தந்ததுண்டு. டான்சி நில வழக்கில் 2000இல் தண்டனை பெற்று, வேட்புமனுக்களும் தள்ளுபடியான ஜெயலலிதா அம்மையார், 2001 மே 14இல் முதலமைச்சராகப் பதவியேற்றார். தேர்தலில் நிற்கவே தகுதியற்றவர் முதலமைச்சராக இருக்க முடியாது என்று 2001 செப்டம்பர் 21இல் தீர்ப்பு வந்தது. பின்னர் அவ்வழக்கிலே அவர் விடுவிக்கப்பட்டார். எனினும் அந்தத் தீர்ப்பு வகுத்த நெறி நிற்கிறது. எந்தக் கொடியைப் பிடித்தவருக்கும் அளவுகோல் அதுதான். நம் கொடியைப் பிடித்தவருக்கும்தான்!

தண்டனை என்பது நீதிபதி தருவது. கைது? காவல்துறை செய்வது. இந்த வேறுபாட்டை அழிக்க வந்திருக்கிறது, 2025 ஆகஸ்ட் 20இல் நாடாளுமன்றத்திலே கொண்டுவரப்பட்ட 130ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டிலே 30 நாள் தொடர்ந்து காவலில் இருந்தால், அமைச்சருக்குப் பதவி இல்லையாம்! குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டியதில்லை. கம்பிக்குப் பின்னே ஒரு மாதம் இருந்தால் போதுமாம்!

"அரசு அலுவலகப் பியூன் 48 மணி நேரம் காவலிலே இருந்தால் பணியிடை நீக்கம். அமைச்சருக்கு மட்டும் சலுகையா?" என்று கேட்கிறார்கள். வலுவான கேள்வி, மழுப்ப மாட்டோம். பியூனைக் கைது செய்வதால் ஓர் ஆட்சி கவிழ்ந்துவிடாது. மாநில முதலமைச்சரையும் அமைச்சர்களையும் கைது செய்யும் அமைப்புகள் டில்லியின் கையிலே இருக்கும்போது, கோடி மக்களின் வாக்கைக் கைவிலங்கு ஒன்று கலைத்துவிடுமே! நேசமணியின் காலத்திலே இப்படியொரு சட்டம் இருந்திருந்தால், யாரை முதலில் கம்பிக்குப் பின்னே தள்ளியிருப்பார்கள்?

அப்படியானால் வழக்குள்ளவர் ஆண்டாண்டாய் ஆளட்டுமா? அதுவுமல்ல நமது வாதம். மக்கள் பிரதிநிதிகள் மீதான வழக்குகளை, குற்றச்சாட்டு வனைந்த ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நடைமுறைக்குக் கொண்டுவருக! வழக்கு விரைந்தால் குற்றவாளி வெளியேறுவான். குற்றமற்றவன் களங்கம் நீங்குவான். வாய்தாவிலே வாழ்வு நடத்துவோர்தான் அஞ்சுவர்.

இன்னொரு கொடுமையும் கேளீர். விசாரணைக் கைதியாகச் சிறையிலே கிடக்கும் கயிற்றுத் தொழிலாளிக்கு வாக்களிக்க உரிமையில்லை. அதே சிறையிலே கிடக்கும் பெரும்புள்ளிக்கோ தேர்தலிலே நிற்க உரிமையுண்டு! 2013இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம் இது. வாக்குச் சீட்டுக்குத் தகுதியற்றவன், வாக்குக் கேட்கத் தகுதியானவன்! ஏழையின் வாக்குரிமையைத் திருப்பித் தந்துவிட்டு அல்லவா பெரிய மனிதனின் உரிமையைப் பேசியிருக்க வேண்டும்?

சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். கட்சிகள் செய்ய வேண்டியதும் உண்டு. வழக்குள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்பதற்குக் கட்சிகள் காரணம் கூற வேண்டும், 'வெற்றி பெறுவார்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. நீதிமன்றம் கேட்டுத்தான் நாம் சொல்ல வேண்டுமா? சுவரொட்டி ஒட்டும் தோழன், வள்ளம் கரையேறியதும் கூட்டத்துக்கு ஓடிவரும் மீனவத் தோழன், அவனல்லவா முதலில் கேட்க வேண்டும்!

வேட்பாளர் வாசலுக்கு வருவார். வழக்கு உண்டா என்பதோடு நிறுத்தாதீர். எதற்காக மீறினாய்? யாருக்காக மீறினாய்? தண்டனை வந்தபோது தாங்கினாயா, தப்பினாயா? இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். புதுக்கடையிலே குண்டடிபட்டு வீழ்ந்தவர்களையும், பொதுப்பணத்தைச் சுருட்டிக்கொண்டவனையும் ஒரே பட்டியலிலே எழுத நாம் ஒருப்படோம்!