புலவு நாற்றமும் புதிய சொற்களும்

பெசன்ட் நகரில் வாடகைக்கு வீடு தேடுவோர் ‘சைவ உணவினருக்கு மட்டும்’ என்னும் நிபந்தனையை எதிர்கொள்வது பழங்கதை. அந்நிபந்தனைக்கு இப்போது ஒரு மருத்துவச் சாயம் ஏறி வருகிறது. சாதியா, அதெல்லாம் இல்லை. எங்கள் வீட்டாருக்கு வாடை ஒத்துக்கொள்ளாது, ‘சென்சிடிவ்’ என்கிறார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பிரம்மஞான சபையின் தோட்டத்தை அடுத்து, ஊரூர் ஒல்காட் குப்பத்து மணலில் கருவாடு காய்கிறது. அந்தக் கருவாட்டை முன்னிட்டே இவ்விவாதத்தை எழுப்புகிறோம்.

முதலில் உண்மையான மிகையுணர்வைப் பற்றி. புலன்கள் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலாளரின் ஆய்வகத்தில் பறந்த பொடி, உடனிருந்தவர் நாவில் கடுங்கசப்பாகப் பட்டது. ஃபாக்ஸுக்கோ சுவையே தெரியவில்லை. அவ்வேறுபாடு பிறப்பு வழிப்பட்டது எனப் பின்னர் தெளிந்தது. கொத்தமல்லித் தழை சிலருக்குச் சோப்பு நெடியாகப் படுவதும் இவ்வகையே. ஆட்டிசம் உடையோரிடம் இது பன்மடங்காகலாம். புலன்களின் மிகையுணர்வையும் குறையுணர்வையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் கையேடு 2013இல்தான் சேர்த்துக்கொண்டது. அத்தகைய குழந்தைக்குக் கடுகு வெடிக்கும் ஓசையும் மிக்ஸியின் இரைச்சலும் வதையாகலாம். வெண்டைக்காயின் வழவழப்பு குமட்டலாம். குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில், அடுத்த வாய்க்கு எது அகப்படுமோ என்னும் அச்சம் வேறு. வெறுஞ்சோறும் அப்பளமும் மட்டும் உண்ணும் அக்குழந்தைக்கு நாம் சூட்டும் பெயர் ‘அடம்’. தாடையைப் பிடித்து நாலு வாய் திணிப்பதை வளர்ப்பு என்கிறோம்.

குழந்தையின் குமட்டலை அதட்டும் இதே சமூகம், வீட்டு உரிமையாளரின் முகச்சுளிப்பை மட்டும் மென்மை எனப் போற்றுவதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. உடலின் மிகையுணர்வு குலம் கோத்திரம் பார்ப்பதில்லை. பெருங்காயத்திலும் அது சுருளும். நெய் உருகும் வாசனையிலும், மல்லிகையிலும், ஊதுவத்தியிலும் சுருளும். தன் வீட்டுப் பெருங்காயத்தை மணம் என்றும், மூன்று மாடி கீழே வறுபடும் நெத்திலியை நாற்றம் என்றும் பிரித்தறியும் மூக்கை எந்த மருத்துவரிடம் காட்டுவது? பழக்கம் காரணமாகலாம், ஒப்புகிறோம். பழகாத வாடை யாருக்கும் உறுத்தும். உறுத்தினால் சன்னலைச் சாத்திக்கொள்ளலாம். அடுத்தவருக்கு வீடு மறுப்பது வேறு விஷயம். 2014இல் ‘தி இந்து’ நாளேட்டின் ஊழியர் உணவகத்துக்கு அசைவம் கொண்டுவர வேண்டாம் என அறிவிப்பு வந்தபோது சொல்லப்பட்ட காரணமும், பெரும்பான்மையான சைவ ஊழியர்களின் அசௌகரியமே. சிறுபான்மை நாவின் அசௌகரியத்துக்காக எந்த அலுவலகமும் அறிவிப்பு ஒட்டியதாக நாம் கேட்டதில்லை.

நற்றிணையின் 45ஆம் பாட்டை நினைத்துக்கொள்கிறோம். தேருடைய செல்வன் மகனைத் தோழி சேட்படுத்தும் பாட்டு அது. நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், எங்கள் மேல் புலவு நாறும், தள்ளி நில்லும் என்கிறாள். நாற்றத்தைச் சொல்லும் உரிமை அங்கே நெய்தல் பெண்ணிடம் இருந்தது. விலகி நிற்க வேண்டியவன் தேர்க்காரன்.

நம் முற்போக்கு நண்பர்கள் மீதும் ஒரு வழக்கு உண்டு. டி.எம். கிருஷ்ணா முதலானோர் முன்னின்று 2015இல் தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழா, கர்நாடக இசையைக் குப்பத்துக்குக் கொண்டுவந்து செவியின் சாதியை விவாதமாக்கியது. நல்லது. அவ்விசாரணை மூக்குக்கும் நாவுக்கும் நீள வேண்டும். நீளும்போது கவனமும் வேண்டும். மீன்குழம்பை மறுப்பவரெல்லாம் மேட்டுக்குடி என முடிவுகட்டினால், குப்பத்திலேயே பிறந்து மீன் வாடையில் வாந்தியெடுக்கும் பிள்ளை எங்கே போகும்? சமையலும் உறக்கமும் ஒரே அறையில் நடக்கும் வீட்டில் அதற்குச் சாத்திக்கொள்ளத் தனிக் கதவு கிடையாது. அடுக்ககத்துப் பிள்ளையைப் போல வாரந்தோறும் கட்டணம் செலுத்திப் பயிற்சியாளரைப் பார்க்கவும் வசதியில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் 21 வகைகளுள் ஆட்டிசமும் உண்டு. ஆகவே நாம் கேட்பது தயவு அன்று.

செய்ய முடியாததா? சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரத் தமிழக அரசுக்குத் தெரிந்திருக்கிறது. குடும்ப வழக்கத்துக்குக் காட்டும் அந்த இணக்கத்தை உடலுக்கும் காட்டட்டும். கலந்த சோற்றைத் தொடாத பிள்ளைக்கு வெறுஞ்சோற்றையும் முட்டையையும் தனித்தனியே, இரைச்சலுக்கு அப்பால் ஒரு மூலையில் வைக்கட்டும். பாதியில் எழுந்து போனால் அதட்டாமல் இருக்கட்டும்.